நாடகமில்லாத நாள்கள்

தமிழ் நாடக வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அரங்கேறிய நாடகங்களைப் பற்றியே எழுதியுள்ளனர். எந்த நாடகம் எந்த ஆண்டில் நடந்தது, ஆசிரியர் யார், இராஜபார்ட் ஏற்றவர் யார், வசூல் எவ்வாறு இருந்தது என்னும் செய்திகள் நமக்கு ஓரளவேனும் கிடைக்கின்றன. ஆயினும், ஊர்ஊராகச் சென்ற ஒரு நாடகக் கம்பெனியின் ஓராண்டு வாழ்க்கையைக் கணக்கிட்டுப் பார்த்தால், மேடையில் கழிந்த நேரம் அதில் சிறு பகுதியே என்பது விளங்கும். எஞ்சிய நேரமெல்லாம் எங்கே போயிற்று? இரயில் வண்டியில், நிலைய நடைமேடையில், கம்பெனி வீட்டுத் திண்ணையில், மழை விடாது பெய்யும் மாலைப்பொழுதில், அடுத்த ஊரிலிருந்து வரவேண்டிய கடிதத்திற்குக் காத்திருப்பதில் அது கழிந்தது.

இந்தக் காத்திருப்பு நேரத்தை வரலாற்றாசிரியர்கள் வெற்றிடமாகவே விட்டுவிட்டனர். ஆனால் கவிதையும் பாட்டும் உரையாடலும் பேச்சாற்றலும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சென்று சேர்ந்தது பெரிதும் அந்த நேரத்தில்தான். அந்த நேரம் யார் கையில் இருந்தது என்பதே ஒரு நடிகன் பிற்காலத்தில் என்னவாக ஆனான் என்பதையும் ஒருவாறு தீர்மானித்தது. இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு மலரில் இப்பொருளைப் பேசுவது பொருத்தமுடையது என்று கருதுகிறேன். கூடிப் படிப்பதும் பேசுவதுமே நம் பணி. அப்பணியைத் தமக்கென எவ்வித வசதியும் இன்றிச் செய்தவர்கள் அந்தப் பயணிகள்.

இருப்புப்பாதையும் கம்பெனி வீடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களும் மராட்டியக் குழுக்களும் தென்னாட்டிற்கு வந்து நாடகங்கள் நடத்தின. தொங்கும் படுதாக்கள், வண்ணம் தீட்டிய காட்சித் திரைகள், கட்டணச் சீட்டு ஆகியவற்றைக் கொண்ட அந்த முறையைத் தமிழ்க் கம்பெனிகளும் மேற்கொண்டன. அம்முறைக்கு ஆதாரமாய் நின்றது இருப்புப்பாதை. சுருட்டிய படுதாக்களையும் மரச்சட்டங்களையும் உடுப்புப் பெட்டிகளையும் மாட்டு வண்டியில் ஏற்றித் திருச்சியிலிருந்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோவது எளிதன்று. சரக்குப் பெட்டியில் அவற்றை ஏற்றிவிட்டு, ஆட்கள் மூன்றாம் வகுப்பில் ஏறிக்கொண்டால் மறுநாள் வேற்றூரில் இறங்கலாம். 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மீண்டும் கொழும்புக்கு இரயில் என்று இலங்கைப் பயணமும் எளிதாயிற்று. 1926ஆம் ஆண்டில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சந்தித்தது இலங்கை மண்ணில்தான் என்பதை அன்பர்கள் அறிவர்.

ஓர் ஊரை அடைந்த கம்பெனி அங்கே சில வாரங்களோ சில மாதங்களோ தங்கும். கொட்டகை ஒன்று இருக்கும். அல்லது கீற்றால் புதிதாக வேயப்படும். தங்குவதற்கு ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். அதற்குக் ‘கம்பெனி வீடு’ என்று பெயர். நடிகர்கள், வாத்தியார், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், சமையற்காரர், படுதா இழுப்போர், விளக்குக்காரர் ஆகிய எல்லோருக்கும் ஒரே அடுப்பில் சோறு வெந்தது. நாடகம் நள்ளிரவையும் தாண்டும். ஆகவே நடிகர்களின் பொழுது பிறர் பொழுதினின்றும் மாறுபட்டது. ஊர் உழைக்கும்போது அவர்கள் உறங்கினர். ஊர் உறங்கும்போது அவர்கள் உழைத்தனர். அவர்கள் ஓய்ந்திருந்த பிற்பகலில் பேச்சுத்துணைக்கு ஊரார் யாரும் கிடைப்பதில்லை. ஆகவே, தங்களுக்குள் பேசிக்கொள்வதே அவர்களுக்கு வழியாயிற்று.

ஓய்வு எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கடைசி நாடகம் முடிந்த இரவில் நடிகன் அரிதாரத்தைத் துடைத்துவிட்டுப் படுத்துவிடலாம். மேடைத் தொழிலாளிக்கோ அப்போதுதான் வேலை தொடங்கும். படுதாக்களை இறக்கிச் சுருட்டி, சட்டங்களைப் பிரித்து, பெட்டிகளைக் கட்டி, வண்டியேற்றி நிலையம் சேர்க்க வேண்டும். அவனுக்குக் கிடைத்த ஓய்வு ஓடும் வண்டியின் உறக்கம் ஒன்றே. நாடக மேடையைப் பற்றிய நினைவு நூல்களை நடிகர்களும் ஆசிரியர்களும் எழுதினர். படுதா இழுத்தவர் எழுதிய நூல் எதுவும் நம் கைக்கு வரவில்லை.

ஒருவர் உறங்காத இரவு

1918ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கப்பெற்ற தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை சிறுவர்களைக் கொண்ட குழு. அதன் ஆசிரியர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1912இல் பிறந்த தி.க. சண்முகம் தம் தமையன்மாருடன் இக்குழுவில் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. அவர் 1972இல் வெளியிட்ட ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூல் கம்பெனி வாழ்க்கைக்குக் கிடைத்துள்ள தலைசிறந்த ஆவணங்களுள் ஒன்று.

சுவாமிகள் சிறுவர்களுக்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சண்முகம் பதிவு செய்துள்ளார். பாடல்களும் உரையாடல்களும் அடங்கிய முழு நாடகம் அது. இச்செய்தியைப் புலமைக்குச் சான்றாகவே நாம் எடுத்துக்காட்டுவது வழக்கம். அதில் மற்றொரு செய்தியும் உண்டு. பகலெல்லாம் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லி, மாலையில் மேடையைக் கவனித்த ஆசிரியருக்கு எழுதுவதற்குக் கிடைத்த பொழுது பிள்ளைகள் உறங்கிய பொழுதே. கம்பெனியின் ஓய்வு நேரம் ஆசிரியரின் உழைப்பு நேரமாக இருந்தது. காலையில் பிள்ளைகள் கண்விழித்தபோது அவர்கள் மனப்பாடம் செய்வதற்குப் புதிய ஏடு ஆயத்தமாயிருந்தது.

சுவாமிகளின் இறுதிக்காலமும் நெஞ்சை உருக்குவது. பக்கவாதம் அவரைத் தாக்கியது. பாட்டும் வசனமும் ஆறாய்ப் பெருகிய நாவில் பேச்சு நின்றது. ஆயினும் அவர் பிள்ளைகளோடேயே இருந்தார். 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். பயணத்தையே வாழ்வாகக் கொண்ட ஆசிரியரின் முடிவும் பயண வழியிலேயே நேர்ந்தது.

பூட்டிய கதவும் திறந்த ஏடும்

பாய்ஸ் கம்பெனிகளைக் குருகுலம் என்று போற்றுவோர் உண்டு. சிறைச்சாலை என்று தூற்றுவோரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஏழு, எட்டு வயதில் பெற்றோரைப் பிரிந்து வந்த பிள்ளைகள் பல ஆண்டுகள் வீட்டைக் காணாமல் வளர்ந்தனர். பாடம் தவறினால் பிரம்பு பேசிற்று. நன்றாகப் பாடும் சிறுவனை வேறு கம்பெனியார் ஆசைகாட்டி அழைத்துப் போய்விடுவர் என்ற அச்சத்தால் வெளியே செல்வதற்குக் கட்டுப்பாடு இருந்தது. குரல் உடைந்து மகரக்கட்டு வந்துவிட்டால், நேற்றுவரை ஸ்திரீபார்ட்டாய் ஒளிவீசிய பிள்ளைக்கு மேடையில் இடமில்லாமற் போயிற்று. அவனுடைய ஓய்வு அப்போது ஓய்வாக இல்லை. குரல் திரும்புமா திரும்பாதா என்னும் ஏக்கமாகவே இருந்தது.

ஆகவே, நாடகமில்லாத நாளை ஒரு கம்பெனி எவ்வாறு நடத்தியது என்பது சிறிய செய்தியன்று. கதவைப் பூட்டிவைத்த கம்பெனியில் அந்த நாள் வீணாயிற்று. ஏட்டைத் திறந்துவைத்த கம்பெனியில் அதே நாள் பள்ளிக்கூடமாயிற்று.

இரண்டாம் வகைக்கு டி.கே.எஸ். சகோதரர்களின் குழு நல்ல எடுத்துக்காட்டு. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்னும் நால்வரும் 1925இல் ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். முறையான பள்ளிப் படிப்பு அவர்களுக்கு வாய்க்கவில்லை. அக்குறையைத் தம் குழுவிற்குள்ளேயே தீர்த்துக்கொள்ள முயன்றனர். நூல்கள் வாங்கிப் படித்தனர், கூடிப் பேசினர், ‘அறிவுச்சுடர்’ என்னும் கையெழுத்து ஏட்டை நடத்தினர். அச்சேறாத ஏடு, ஆயினும் மேடையில் பிறர் எழுதிய வசனத்தைப் பேசிய பிள்ளைகளுக்குத் தம் சொல்லைத் தாமே எழுதிப் பார்க்க அது இடந்தந்தது.

இப்பழக்கத்தின் பயன் மேடையிலும் தெரிந்தது. வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ என்னும் நாடகம் 1931இல் ‘தேசபக்தி’ என்னும் பெயரில் இவர்களால் மேடையேறிற்று. புராணக் கதைகளைப் பாடம் செய்து வளர்ந்த ஒரு குழு, அச்சில் வந்த புதிய நூல் ஒன்றைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் நிலையை அடைந்தது. வாசிக்கும் பழக்கமில்லாத இடத்தில் இந்த மாற்றம் நிகழ்ந்திருக்க முடியாது.

இக்குழுவில் வளர்ந்தவர்களைப் பின்னாளில் நாம் எங்கெங்கோ காண்கிறோம். எஸ்.வி. சகஸ்ரநாமம் சேவா ஸ்டேஜைத் தோற்றுவித்து, பாரதியின் பாஞ்சாலி சபதத்தையும் தி. ஜானகிராமனின் ‘நாலுவேலி நில’த்தையும் பி.எஸ். ராமையாவின் நாடகங்களையும் மேடைக்குக் கொண்டுவந்தார். கே.ஆர். இராமசாமி அறிஞர் அண்ணாவின் நாடகங்களில் நடித்துப் புகழ்பெற்றார். ஏ.பி. நாகராஜன் நாடகாசிரியராகி, திரைக்கதை வசனத்திலும் இயக்கத்திலும் தமக்கெனத் தனியிடம் பெற்றார். நவீன இலக்கியத்திற்கும் மேடைக்கும் இடையே பாலம் அமைத்தவர்களில் பலர் பள்ளி வாயிலைக் கடவாதவர்கள். கம்பெனி வீட்டுக் கூடத்தில் படித்தவர்கள்.

கவிஞர்கள் நடந்த வழி

நம் வட்டத்துக் கவிஞர்கள் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். 1892இல் பிறந்து 1952இல் மறைந்த இவர், நாடக மேடைக்கும் இசைத்தட்டிற்கும் பாடல்கள் எழுதினார். 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதா’ஸிற்கும் பாடல்கள் தந்தார். விசுவநாததாஸ் முதலிய மேடைக் கலைஞர்கள் இவருடைய தேசியப் பாடல்களைப் பாடிச் சிறை சென்றனர். பாடலாசிரியர் என்ற அளவில் இவர் பெயரைப் பலரும் அறிவர். இவர் நாட்குறிப்பு எழுதியவர் என்பது நெடுங்காலம் பலருக்கும் தெரியாமலிருந்தது. 1917 முதல் 1951 வரை இவர் எழுதிய குறிப்புகளை இவருடைய பேரரும் நாடக இயக்குநருமான ச. முருகபூபதி தொகுத்தார், அத்தொகுப்பு 2009இல் நூலாக வெளிவந்தது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவர் நாள்தோறும் தம் பயணத்தையும் சந்திப்பையும் பாட்டையும் குறித்து வைப்பதென்றால் அதற்குத் தனிப்பொழுது வேண்டும். நாடகம் நடக்கும் இரவில் அப்பொழுது வாய்க்காது. அந்நாட்குறிப்பே காத்திருப்பின் பயிர் எனலாம். நாடக விளம்பரத் துண்டறிக்கையில் காணக்கிடைக்காத செய்திகளை, அதாவது யார் யாரைக் கண்டார், எங்குத் தங்கினார், எந்தப் பாட்டு எப்போது எழுந்தது என்பவற்றை அத்தகைய குறிப்புகளே காத்துத் தருகின்றன.

அடுத்த தலைமுறையிலும் இவ்வழி தொடர்ந்தது. எஸ்.டி. சுந்தரத்தின் ‘கவியின் கனவு’ நாடகத்தை நடத்திப் பெரும்புகழ் பெற்றது சக்தி நாடக சபா. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் சிலகாலம் அச்சபாவில் நடிகராக இருந்தார். இருபத்தொன்பது ஆண்டுகளே வாழ்ந்த அக்கவிஞர், எளிய சொல்லைக் கூட்டத்தின் செவிக்கு ஏற்ப எறியும் கலையைப் புத்தகத்தினின்று மட்டும் கற்றிருக்க இயலாது. மேடையில் நின்றும், மேடைக்குப் பின்னால் காத்திருந்தும் மக்கள் எதற்குக் கைதட்டினர் என்பதைக் காணும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. கு.சா. கிருஷ்ணமூர்த்தியும் சிறுவயதில் கம்பெனி வாழ்க்கையில் தோய்ந்தவரே. ‘அந்தமான் கைதி’யை எழுதிய அவரே பின்னர்த் தமிழ் நாடக வரலாற்றையும் எழுதினார். தாம் வாழ்ந்ததைத் தாமே வரலாறாக்கும் பேறு சிலருக்கே கிட்டியது.

பேசும்படம் வந்தபின் நிலைமை மாறிற்று. நாடகக் கொட்டகைகள் பல திரையரங்குகளாயின. முன்பு அடுத்த ஊருக்குச் செல்லும்வரை காத்திருந்த நடிகர்கள், இனி அடுத்த ஊர் என ஒன்று உண்டா என்று காத்திருக்கலாயினர். ஒரு கம்பெனி நொடித்துப்போனால் கடன்காரர்கள் படுதாவையும் பெட்டியையும் பிடித்து வைத்துக்கொள்வர். அப்போது ஊரைவிட்டுக் கிளம்பவும் வழியிராது. காத்திருப்பு என்பது வேலைக்கும் வேலைக்கும் இடைப்பட்டதாக இருக்கும்வரையே ஓய்வு. அடுத்த வேலை இல்லையென்றாகிவிட்டால் அதற்குப் பெயர் பட்டினி.

வேன் வந்த காலம்

கம்பெனிகள் மறைந்த பின்னரும் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் மறையவில்லை. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி முதலிய ஊர்களில் நடிகர் சங்கங்கள் அமைந்தன. திருவிழாக் காலத்தில் ஓர் ஊரார் ‘வள்ளி திருமணம்’ வேண்டுமென்றால், இராஜபார்ட் ஓரூரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேற்றூரிலிருந்தும் பபூனும் ஆர்மோனியக்காரரும் மற்றோரூரிலிருந்தும் வந்து அன்றிரவு ஒன்றுகூடுவர். ஸ்பெஷல் நாடகம் என்பது இதுவே. இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நடக்கும் நாடகத்திற்கு முன்னொத்திகை கிடையாது. ஒரே கம்பெனி வீட்டில் ஒன்றாய் உண்டு உறங்கிய காலம் போய், பேருந்திலும் வாடகை வேனிலும் வந்து சேர்ந்து, விடிந்ததும் பிரிந்து செல்லும் காலம் வந்தது.

ஒத்திகையில்லாத நாடகத்திற்கு வழிப்பயணமே ஒத்திகை. இன்றிரவு வள்ளிக்கும் நாரதருக்கும் நிகழவிருக்கும் தர்க்கத்தில் எந்தக் கேள்வி எழும், அதற்கு எந்த விடை பொருந்தும், எந்தச் சுருதியில் பாட்டை எடுப்பது என்பனவெல்லாம் வேனிலும் ஒப்பனை இடத்திலும் பேசும் சில சொற்களில் முடிவாகின்றன. ஏடு பாராது, இலக்கணமும் புராணமும் நாட்டுநடப்பும் கலந்து மேடையிலேயே வாதிடும் அக்கலைஞர்களின் கல்வி எங்கே நிகழ்ந்தது என்று கேட்போர்க்கு விடை இதுவே: வழியில் நிகழ்ந்தது.

பெண் கலைஞர்களுக்கு இந்த வழி கரடுமுரடானது. பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர் ஏற்ற ஸ்திரீபார்ட்டை ஸ்பெஷல் நாடகத்தில் பெண்களே ஏற்றனர். இரவில் வீட்டை விட்டுப் புறப்படும் பெண்ணை ஊர் எவ்வாறு நோக்கிற்று என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் மதுரைப் பகுதியில் தங்கி இக்கலைஞர்களோடு பயணம் செய்து, 2000இல் ஒரு கட்டுரையும் 2005இல் ஒரு நூலும் வெளியிட்டார். பொதுவழியில் செல்லும்போதும் தம்மைச் சுற்றி ஒரு வீட்டை எழுப்பிக்கொள்ளப் பெண் கலைஞர்கள் கையாளும் முறைகளை அக்கட்டுரை ஆராய்கிறது. தனித்துச் செல்லாமை, பிறர் பார்வை படாத இருக்கை, நம்பிக்கைக்குரிய வண்டி ஆகியவை அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல. மானத்தைக் காக்கும் வேலி. ஆண் நடிகர் வண்டியை நிறுத்தித் தேநீர்க் கடையில் நின்று பேசும் நேரத்தில், உடன்வந்த பெண் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டியிருந்தது. ஒரே பயணத்தில் ஒருவர்க்கு ஓய்வாக இருந்தது மற்றவர்க்குக் காவலாக இருந்தது.

இக்கலைஞர்களின் ஆண்டு திருவிழாக்களை ஒட்டியது. பங்குனியில் தொடங்கும் சில மாதங்களின் வருவாயே எஞ்சிய மாதங்களுக்கும் உணவாக வேண்டும். 2020 மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது பங்குனியும் சித்திரையும் ஒருங்கே பறிபோயின. மறு ஆண்டிலும் நோயின் இரண்டாம் அலை திருவிழாக் காலத்திலேயே வந்தது. கொடுத்த தேதிகள் குறிப்பேட்டில் எழுதியபடியே நின்றன. முன்பணமும் இல்லை, மேடையும் இல்லை. அக்காலம் ஓய்வுக்கும் வேலையின்மைக்கும் உள்ள வேற்றுமையை நமக்கு மீண்டும் உணர்த்தியது.

நாம் செய்யத்தக்கது

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? கலை மேடையில் வெளிப்படுகிறது. ஆனால் அது கைமாறும் இடம் மேடைக்கு வெளியே இருக்கிறது. அவ்விடத்தின் பொழுதைச் சிறுவனுக்கும் பெண்ணுக்கும் தொழிலாளிக்கும் உரியதாக்கிய அளவிற்கே கலை வளர்ந்தது. அப்பொழுதைப் பறித்துக்கொண்ட இடத்தில், எத்தனை திறமை இருந்தும் அது ஒரு தலைமுறைக்குள் அவிந்தது. சண்முகம் தம் வாழ்க்கையை எழுதினார். பாஸ்கரதாஸின் குறிப்புகளை அவர் குடும்பம் காத்தது. அதனால் நாம் இவ்வளவேனும் பேச முடிகிறது. எழுதாமற் போனவர்களும், எழுதியது காக்கப்படாமற் போனவர்களும் எத்தனையோ பேர்.

இலக்கிய வட்டங்களின் ஆண்டறிக்கையும் நாடகக் கம்பெனியின் வரலாற்றைப் போன்றதே. நடந்த கூட்டங்களையும் வெளியிட்ட நூல்களையும் நாம் எண்ணி எழுதுகிறோம். கூட்டம் முடிந்தபின் பேருந்து நிறுத்தம்வரை நடந்துகொண்டே ஒரு வரியைத் திருத்திக் கொடுத்த நண்பரை எந்த அறிக்கையும் குறிப்பதில்லை. பத்தாண்டுகளில் நம் கவிஞர்கள் கற்றதில் பெரும்பங்கு அத்தகைய நடையிலேதான் கிடைத்தது என்பதை மறுப்பார் இரார்.

ஆகவே நம் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பழைய நடிகர்கள், ஆர்மோனியக் கலைஞர்கள், மேடைத் தொழிலாளிகள் ஆகியோரின் இல்லங்களில் கையெழுத்துப் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. தேதிக் குறிப்பேடுகள் இருக்கின்றன. மஞ்சள் பூத்த துண்டறிக்கைகள் இருக்கின்றன. வீடு மாற்றும்போது முதலில் கழிக்கப்படுபவை இவையே. வரும் ஆண்டில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு கலைஞரையேனும் கண்டு, அவரிடமுள்ள ஏடுகளைப் படியெடுத்து, அவர் சொல்வதை எழுதிவர வேண்டும். அவர் எந்தெந்த நாடகத்தில் நடித்தார் என்று மட்டும் கேட்டுத் திரும்ப வேண்டாம். நாடகம் இல்லாத நாளில் எங்கே இருந்தார், யாரோடு பேசினார், என்ன படித்தார் என்பதையும் கேட்டு எழுதுவோம்.